ஒரே ஊர், இரண்டு மொழி, ஆளுக்கொரு பாதை

கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் பல கடைகளில் கவுண்டரில் நிற்பவர் "போன்ஷூர், ஹாய்" என்று பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டு மொழியையும் சேர்த்தே வணக்கம் சொல்வார். வந்தவர் எந்த மொழியில் பதில் சொல்கிறாரோ அதில் பேச்சு தொடரும். பிரெஞ்சைக் காக்க வேண்டும் என்ற கவலையில், போன்ஷூர் மட்டும் சொல்லுங்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை, மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் சட்டமன்றம் 2017இல் ஒருமனதாக நிறைவேற்றியது. அந்த அரசியலை இங்கே விட்டுவிடுவோம். அப்படி வணக்கம் சொல்லக்கூடிய நான்கு பேரைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஒருவர், அப்பா பிரெஞ்சும் அம்மா ஆங்கிலமும் பேசும் வீட்டில் பிறந்தவர். இன்னொருவர் ஆங்கிலக் குடும்பத்தில் வளர்ந்து, ஐந்து வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனவர். மூன்றாவது, யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, சிநேகிதிகளோடு ஆங்கிலம். நான்காமவர் முப்பது வயதுக்கு மேல் வந்து, மாலை வகுப்பில் உட்கார்ந்து பிரெஞ்சு படித்தவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த நால்வரும் "பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்தவர்" என்ற ஒரே கட்டத்துக்குள் விழுவார்கள். ஆனால் ஒரு சொல்லைக் கேட்டதும் மூளைக்குள் நடப்பது நால்வருக்கும் ஒன்றல்ல. புதிதாக ஒரு மொழி கற்கும் வேகமும் ஒன்றல்ல.

இந்த வேறுபாடுகள் எவை, எங்கிருந்து வருகின்றன என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். மாண்ட்ரியலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு மொழி புழங்கும் ஊர் என்பதோடு, அதைப் பற்றிய ஆராய்ச்சி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஊரும் அதுதான்.

இரண்டும் எப்போதும் விழித்திருக்கின்றன

முதலில் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மொழி தெரிந்தவர் தமிழ் பேசும்போது ஆங்கிலம் மூளைக்குள் உறங்கிப்போகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை.

1999இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்பிவி, வியோரிகா மரியான் இருவரும் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை ஒரு மேசை முன் உட்காரவைத்தார்கள். மேசையில் சில பொருள்கள். கண் எங்கே போகிறது என்று பதிவு செய்யும் கருவி தலையில். "தபால்தலையை எடுத்து வை" என்று ரஷ்ய மொழியில் சொன்னார்கள். ரஷ்ய மொழியில் தபால்தலைக்கு 'மார்கா' என்று பெயர். அந்த மேசையிலேயே ஒரு மார்க்கர் பேனாவும் கிடந்தது. கேட்டவர்களின் கண், தொடர்பே இல்லாத மற்றப் பொருள்களைவிட அந்தப் பேனாவின் பக்கம் அதிகம் ஓடியது. அங்கே யாரும் ஆங்கிலம் பேசவில்லை. 'மார்' என்று காதில் விழுந்த நொடியில் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்தே எழும்பிவிட்டது.

இரண்டும் விழித்திருந்தால் ஒன்றைப் பேசும்போது மற்றதை அடக்கிவைக்க வேண்டும். 1998இல் உளவியலாளர் டேவிட் கிரீன் முன்வைத்த விளக்கம் இதுதான்: வேண்டாத மொழியை மூளை அழுத்திப் பிடிக்கிறது, அது எவ்வளவு வலுவான மொழியோ அவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது. இதிலிருந்து விசித்திரமான ஒரு விளைவு வரவேண்டும். நன்றாகத் தெரிந்த மொழிக்குத் திரும்புவதுதான் கடினமாக இருக்க வேண்டும், அதைத்தானே பலமாக அடக்கிவைத்திருந்தோம்! திரையில் தோன்றும் எண்களைப் பின்னணி நிறத்துக்கு ஏற்ப முதல் மொழியிலோ இரண்டாம் மொழியிலோ சொல்லவைத்த சோதனையில் (மியூட்டர், ஆல்போர்ட், 1999) அதுவேதான் தெரிந்தது. இரண்டாம் மொழியிலிருந்து முதல் மொழிக்குத் தாவ, எதிர்த்திசையில் தாவுவதைவிட அதிக நேரம் பிடித்தது.

ஆனால் ஐந்து ஆண்டு கழித்துப் பார்சிலோனாவில் ஆல்பர்ட் கோஸ்டாவும் மிக்கெல் சாந்தெஸ்தெபானும் இதே வகைச் சோதனையைச் செய்தபோது, ஸ்பானிஷ், கத்தலான் இரண்டிலும் சமமாகத் தேர்ந்தவர்களிடம் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. எந்தப் பக்கம் தாவினாலும் ஒரே அளவு தாமதம். மொழி கற்றுக்கொண்டிருக்கும் நிலையில் இருந்தவர்களிடம்தான் பழைய ஏற்றத்தாழ்வு தெரிந்தது. ஒரே சோதனை, ஆளைப் பொறுத்து வேறு விடை. இந்தத் துறையில் எதைப் படித்தாலும் இது திரும்பத் திரும்ப வரும்.

வயது: முக்கியம்தான், முடிவல்ல

வேறுபாடு என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது வயதை. மாண்ட்ரியல் நரம்பியல் நிலையத்தை 1934இல் நிறுவிய மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டும் இதை வலுவாகச் சொன்னவர். ஒன்பது வயதுக்குப் பிறகு மொழி கற்பதற்கான மூளையின் நெகிழ்ச்சி குறைந்துகொண்டே போகிறது என்பது அவர் கருத்து. அதே நிலையத்தில் டெனிஸ் கிளைனின் குழு 2016இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வு, பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் பிறப்பிலிருந்தே கேட்டவர்களையும், இரண்டாவதைப் பின்னால் கற்றவர்களையும் ஒப்பிட்டது. மொழிக்கு முக்கியமான இடது முன்மூளைப் பகுதிக்கும் வலது பக்கத்தில் அதற்கு இணையான பகுதிக்கும் இடையிலான ஒருங்கிணைப்பு முதல் குழுவில் வலுவாக இருந்தது. பின்னால் கற்றவர்களுக்குள்ளேயும், சீக்கிரம் தொடங்கியவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது.

2018இல் ஜோஷுவா ஹார்ட்ஸ்ஹார்னும் அவருடன் சேர்ந்தவர்களும் இணையத்தில் ஏறத்தாழ 6,70,000 பேரிடம் ஆங்கில இலக்கணத் தேர்வு வைத்துப் பார்த்தார்கள். இலக்கணம் கற்கும் திறன் அதிகம் குறையாமல் 17 வயதைத் தாண்டும் வரை நீடிக்கிறது, பிறகு இறங்குகிறது என்பது அவர்கள் கணிப்பு. ஆனால் கற்று முடிக்கப் பல ஆண்டு வேண்டும் என்பதால், அந்த மொழிக்காரர்களைப் போலவே தேற வேண்டுமானால் பத்து வயதுக்குள் தொடங்கியிருப்பது நல்லது.

இதெல்லாம் சராசரி. சராசரி என்பது உங்கள் கதையோ என் கதையோ இல்லை. அமெரிக்காவில் குடியேறிய ஹங்கேரியர்களை ராபர்ட் டிகெய்சர் 2000இல் ஆராய்ந்தபோது, பெரியவர்களாக வந்தும் ஆங்கில இலக்கணத்தில் சிறுவயதில் வந்தவர்களுக்கு இணையாக மதிப்பெண் வாங்கிய ஒரு சிலர் இருந்தார்கள். மொழியின் அமைப்பைப் பகுத்துப் பார்க்கும் திறனில் அவர்களில் அநேகமாக எல்லாரும் சராசரிக்கு மேல். சிறுவயதில் வந்தவர்களுக்கோ அந்தத் திறன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொழி வந்துவிட்டது. குழந்தைக்குத் தேவைப்படாத ஒரு திறமை பெரியவருக்குத் தேவைப்படுகிறது. "எனக்கு வயசாகிவிட்டது, இனிமேல் மொழி வராது" என்று கைவிடுகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: வயது கூடினால் கதவு மூடுவதில்லை, நுழையும் வழிதான் மாறுகிறது.

'கட்டி'யும் 'கத்தி'யும் ஒன்றாகக் கேட்கும் காது

இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகள் காதைப் பற்றியவை. அவற்றில் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

'கட்டி', 'கத்தி' இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை. டகர ஒலிக்கு நாக்கு மேலே மடிகிறது, தகர ஒலிக்குப் பல்லைத் தொடுகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டும் ஒரே ஒலி. காதில் கோளாறு எதுவும் இல்லை, அந்த வேறுபாட்டை அவர்கள் மொழி பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். இந்தியிலும் இதே வேறுபாடு இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இந்தி ஒலிகளை ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் பொம்மை ஒன்று தெரியும். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை சரியாகத் திரும்பின. பத்திலிருந்து பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. எந்த மொழியையும் கற்கத் தயாராகப் பிறக்கும் காது, சுற்றிலும் கேட்கும் மொழிக்கு ஏற்ப ஒரே ஆண்டுக்குள் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது.

அப்படியானால் வளர்ந்தவர்களுக்கு இதைத் திரும்பக் கற்பிக்க முடியுமா? மாண்ட்ரியலில் நார்லி கோலஸ்தானியும் ராபர்ட் சட்டோரும் ஆங்கிலம் பேசுவோருக்கு இதே டகர, தகர வேறுபாட்டைப் பயிற்றுவித்தார்கள். சிலர் கொஞ்ச நேரத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். சிலருக்குப் பயிற்சி முடிந்த பிறகும் இரண்டும் ஒன்றாகவே கேட்டது. அத்தனை பேரும் ஆங்கிலம் பேசுவோர், அத்தனை பேருக்கும் ஒரே பயிற்சி. 2002இல் வெளியான அவர்களுடைய மூளை ஸ்கேன் ஆய்வு, வேகமாகக் கற்றவர்களின் மேற்பக்க மூளையில், குறிப்பாக இடது பக்கம், வெண்பொருள் அதிகம் இருப்பதைக் காட்டியது. வெண்பொருள் என்பது மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நரம்பு இழைகளின் தொகுப்பு. மிக நுட்பமான, நொடிக்குள் வந்து மறையும் ஒலி மாற்றங்களை விரைவாகக் கொண்டுசெல்ல அது உதவியிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். இந்த வேறுபாடு பிறவியிலேயே வந்ததா, இளமையில் கேட்ட ஒலிகளால் வந்ததா என்பதை இந்த ஒரு படத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. 'ழ' வராத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேலி செய்யும் ஆசிரியர்கள் இந்த ஆய்வை அவசியம் படிக்க வேண்டும்.

இளமையில் கேட்டது எவ்வளவு ஆழமாகத் தங்கும் என்பதற்கும் மாண்ட்ரியலில்தான் அழகான சான்று கிடைத்தது. சீனாவில் பிறந்து, கைக்குழந்தையாகக் கியூபெக் குடும்பங்களுக்குத் தத்து வந்து, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த 9 முதல் 17 வயதுப் பெண்கள் அவர்கள். சீன மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். அந்த ஏற்ற இறக்கங்களை ஸ்கேன் கருவிக்குள் கேட்டபோது, இந்தப் பெண்களின் மூளை சீனமும் பிரெஞ்சும் தெரிந்தவர்களின் மூளையைப் போலவே இடது பக்க மொழிப் பகுதியில் வேலை செய்தது. பிறந்ததிலிருந்து பிரெஞ்சு மட்டும் கேட்டவர்களிடம் அப்படி நடக்கவில்லை. 2014இல் லாரா பியர்ஸ், டெனிஸ் கிளைன், ஃபிரெட் ஜெனஸி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இது. பேசத் தெரியவில்லை என்பதால் மொழி இல்லை என்று ஆகிவிடாது.

நினைவு, ஆர்வம், முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் மூளை

புதுச் சொல்லைக் கற்க இன்னொரு திறன் வேண்டும்: பொருள் தெரியாத ஒலித்தொடரைச் சில நொடி மனத்தில் நிறுத்திவைப்பது. இத்தாலியில் பக்கவாதத்துக்குப் பிறகு இந்த ஒன்றை மட்டும் இழந்த ஒரு பெண்மணியைப் பற்றி ஆலன் பேட்லியும் இத்தாலிய ஆய்வாளர்களும் 1988இல் எழுதினார்கள். அவர் தாய்மொழியில் இயல்பாகப் பேசினார். தெரிந்த இரண்டு இத்தாலியச் சொற்களை ஜோடி சேர்த்து நினைவில் வைப்பதிலும் குறையில்லை. ரஷ்யச் சொற்களைக் காதால் கேட்டுக் கற்க மட்டும் அவரால் முடியவில்லை. நம் எல்லாரிடமும் இந்தத் திறன் கூடவோ குறையவோ இருக்கிறது. பொருளற்ற ஒரு நீண்ட சொல்லைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

ஆர்வத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாண்ட்ரியல் பள்ளிகளில் பிரெஞ்சு படித்த ஆங்கில மாணவர்களை ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும் ஆராய்ந்து 1959இல் எழுதினார்கள். மொழித்திறனும் ஊக்கமும் தனித்தனியாகத் தேர்ச்சியோடு தொடர்புகொண்டிருந்தன. திறன் குறைந்தவர் ஆர்வத்தால் முன்னேற முடியும், திறன் உள்ளவர் ஆர்வமில்லாமல் தேங்கவும் முடியும். அந்த மொழிக்காரர்களோடு பழக வேண்டும் என்று விரும்பிக் கற்பதும், வேலைக்காகக் கற்பதும் வேறு வேறு ஊக்கங்கள் என்று பிரித்துக் காட்டியதும் இவர்கள்தான்.

மாண்ட்ரியலில் 12 வாரத் தீவிர பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்த 15 பேரை, வகுப்புத் தொடங்கும் முன்பே ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. ஸ்கேனுக்குள் அவர்கள் எதுவும் செய்யவில்லை, சும்மா படுத்திருந்தார்கள். அந்த ஓய்வு நேரத்தில் சொல் தேடலோடு தொடர்புடைய இடது முன்பகுதியும், பேச்சைப் புரிந்துகொள்ளும் இடது பக்கப் பகுதியும் எவ்வளவு ஒத்திசைந்து இயங்கினவோ, அவ்வளவுக்குப் பின்னால் பிரெஞ்சில் பேச்சு வளர்ந்தது. படிக்கும் வேகத்தின் வளர்ச்சியைக் காட்டியதோ வேறொரு இணைப்பு. பேச்சில் முன்னேறியவரும் வாசிப்பில் முன்னேறியவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பதினைந்து பேர் மிகச் சிறிய எண்ணிக்கை என்பதையும் மறந்துவிடக் கூடாது. இதை வைத்து யாரையும் வகுப்பில் சேர்க்காமல் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது.

யாரோடு, எங்கே, எவ்வளவு?

இதுவரை சொன்னவை பெரும்பாலும் ஆளுக்குள் இருப்பவை. ஆளைச் சுற்றி இருப்பதும் அதே அளவு முக்கியம். இரண்டு மொழி தெரிந்தவர் என்பது ஒரே உடம்புக்குள் இரண்டு ஒருமொழியாளர் அல்ல என்று பிரான்சுவா குரோஜான் 1989இல் எழுதினார். ஒவ்வொரு மொழியும் வாழ்க்கையின் வேறு வேறு வேலைக்குப் பயன்படுகிறது. சமையல், உறவு, சண்டை எல்லாம் ஒரு மொழியில், கணக்கும் அலுவலகமும் இன்னொன்றில். இரண்டிலும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மாண்ட்ரியலின் மெகில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேசன் கல்லிஃபரும் டெப்ரா டைட்டோனும் இதை அளக்க ஒரு வழி கண்டார்கள். வீடு, வேலை, நண்பர்கள், வாசிப்பு என்று ஒவ்வோர் இடத்திலும் எந்த மொழியை எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டு, அதன் கலப்பை ஓர் எண்ணாக்குகிறார்கள். ஓரிடத்தில் ஒரே மொழி மட்டும் என்றால் மதிப்பு 0. இரண்டு மொழி சரிபாதி என்றால் 1. நூற்றில் தொண்ணூறு ஒன்று, பத்து இன்னொன்று என்றால் ஏறத்தாழ 0.47. மூன்று மொழி சமமாகப் புழங்கினால் 1.58. அடுத்து எந்த மொழி வரும் என்று எவ்வளவு ஊகிக்க முடியாமல் இருக்கிறது என்பதன் அளவு இது.

நம் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கியூபெக்கில் 1977இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்படி குடியேறியவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். வீட்டில் தமிழ் மட்டும், பள்ளியில் பிரெஞ்சு மட்டும், சிநேகிதிகளோடு ஆங்கிலம் மட்டும் என்றால் மூன்று மொழி தெரிந்தும் ஒவ்வோர் இடத்திலும் அவள் மதிப்பு 0. அவளுடைய அண்ணன் நண்பர்களோடு பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் சரிபாதி கலந்தால் அந்த வட்டத்தில் அவன் மதிப்பு 1. ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே மொழிகள், ஆனால் அன்றாடம் மூளை செய்யும் வேலை வேறு. கிரீனும் ஜூபின் அபுதலபியும் 2013இல் இதைத்தான் சொன்னார்கள்: மொழிகளைத் தனித்தனி இடத்தில் வைத்துப் பேசுவது, ஒரே இடத்தில் ஆளுக்கு ஏற்ப மாற்றுவது, ஒரே வாக்கியத்துக்குள் கலப்பது ஆகிய மூன்றும் மூளையிடம் வேறு வேறு கட்டுப்பாட்டைக் கேட்கின்றன. சென்னையில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவரைச் சோம்பேறி என்று திட்டுவது வழக்கம். அவர் மூளை சும்மா இருக்கவில்லை, மற்றவர்களுடையதைவிட வேறு விதமாக உழைக்கிறது. 2018இல் கல்லிஃபர் குழுவின் ஸ்கேன் ஆய்விலும், பலதரப்பட்ட சூழலில் மொழிகளைக் கலந்து வாழ்பவர்களிடம், கவனத்தையும் தேர்வையும் நிர்வகிக்கும் மூளைப் பகுதிகளின் இணைப்பு வலுவாகத் தெரிந்தது.

இருமொழி தெரிந்தால் புத்தி கூடுமா?

இந்தக் கேள்விக்குச் செய்தித்தாள்கள் ஒரு நாள் ஆம் என்கின்றன, மறுநாள் இல்லை என்கின்றன. 1920களில் நடந்த பல சோதனைகள் இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கியவர்கள் என்றன. அந்தப் பிள்ளைகளில் பலர் ஏழைக் குடியேறிகள் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. 1962இல் எலிசபெத் பீலும் லாம்பர்ட்டும் மாண்ட்ரியலில் பத்து வயதுப் பிள்ளைகளைக் குடும்ப நிலையைச் சமன் செய்து ஒப்பிட்டபோது இருமொழிப் பிள்ளைகள் மேலே வந்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டிலும் சமமாகத் தேர்ந்தவர்களை மட்டும். பிறகு டொராண்டோவில் எலன் பியலிஸ்டாக், கவனக் கட்டுப்பாட்டில் இருமொழியாளருக்குச் சாதகம் உண்டு என்று பல ஆய்வுகளில் காட்டினார். மின்னா லெஹ்டோனனின் குழு 2018இல் 152 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெளியீட்டுச் சாய்வை (சாதகமான முடிவுகளே அதிகம் அச்சேறும் போக்கை) சரிசெய்த பின் பெரியவர்களிடம் அந்தச் சாதகம் மிஞ்சவில்லை. இதற்கிடையில் 2013இல் சுவர்ணா அல்லாடி ஹைதராபாத்தில் 648 மறதிநோயாளிகளைப் பார்த்து, இருமொழியாளருக்கு நோய் நான்கரை ஆண்டு தாமதமாகத் தொடங்குவதைக் கண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த இடைவெளி இருந்தது. அவர்கள் குடியேறிகளும் அல்ல, தெலுங்கும் உருதுவும் அன்றாடம் புழங்கும் ஊரிலேயே வாழ்பவர்கள்.

இந்த முரண்பாட்டில் எனக்கு ஒரு கருத்து உண்டு. 'இருமொழியாளர்' என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டி, இன்னொரு மூட்டையோடு நிறுத்துப் பார்ப்பதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஹைதராபாத்தில் நாள் முழுக்க மொழி மாற்றிப் பேசுபவரும், பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வருடத்துக்கு இரண்டு முறை பேசுபவரும் ஒரே குழு என்றால் விடை நிலையாக வராது. ஆய்வாளர்கள் பலரும் இப்போது குழுக்களை விட்டு, மேலே சொன்ன மாதிரி அளவுகோல்களின் பக்கம் நகர்ந்திருக்கிறார்கள்.

இது ஆய்வகத்தோடு நின்றுவிடும் விஷயமும் இல்லை. வெளிநாடுகளில் தமிழ்ப் பெற்றோரின் காதில் அடிக்கடி விழும் அறிவுரை ஒன்று உண்டு: "பிள்ளை பேசத் தாமதிக்கிறது, வீட்டில் தமிழை நிறுத்துங்கள்." இருமொழிப் பிள்ளைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் குறைவாக இருப்பது வழக்கம், இரண்டையும் சேர்த்து எண்ணினால் கணக்குச் சரியாகிவிடும். உண்மையிலேயே மொழிக் குறைபாடு உள்ள பிள்ளை என்றால் அது எல்லா மொழியிலும் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகளையே ஜோஹான் பாரடிஸ், மார்த்தா கிராகோ, ஜெனஸி உள்ளிட்டோர் ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். ஏழு வயதளவில் இருந்த பிரெஞ்சு-ஆங்கிலப் பிள்ளைகளை, அதே குறைபாடுள்ள ஒருமொழிப் பிள்ளைகளோடு ஒவ்வொரு மொழியிலும் ஒப்பிட்டார்கள். அவர்கள் சோதித்த இலக்கண அம்சங்களில் இருமொழிப் பிள்ளைகள் மோசமாக இல்லை. இரண்டாவது மொழி அவர்களுக்குக் கூடுதல் சுமை ஆகவில்லை. ஆகவே பேச்சுப் பயிற்சியாளரிடம் போகும்போது பிள்ளைக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த வயதிலிருந்து எந்த மொழியை, யாரிடம், நாளில் எவ்வளவு நேரம் கேட்கிறது என்று எழுதிக் கொண்டுபோங்கள். தமிழை நிறுத்தச் சொன்னால், எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று தயங்காமல் கேளுங்கள்.